'எலிங்டன் அட் நியூபோர்ட்' ஆல்பத்தை முழுமையாகக் கேட்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

1956 ஜூலை 7, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நியூபோர்ட் நகரத்து ஃப்ரீபாடி பார்க்கில் ஜாஸ் விழா. இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான டியூக் எலிங்டனுக்கு அப்போது வயது 57. பெரிய ஜாஸ் குழுக்களின் காலம் மலையேறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இரவில் அவருடைய 15 பேர் குழு வாசித்ததுதான் 'எலிங்டன் அட் நியூபோர்ட்'. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் எலிங்டன் முகம் இருந்தது.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பால் கோன்சால்வெஸ் டெனர் சாக்ஸபோனில் விடாமல் வாசித்த 27 சுற்றுகளைத்தான் (ஒரே இசைச் சட்டகம் ஒருமுறை ஓடி முடிவது ஒரு சுற்று) சொல்வார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்தச் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். எலிங்டன் 19 வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்த 'டிமினுவெண்டோ' (சத்தம் தேய்வது), 'கிரெசெண்டோ' (சத்தம் ஏறுவது) என்ற இரண்டு பகுதிகளுக்கு நடுவே போட்ட பாலம் அது. இரு கரைகளும் தெரிந்தால்தான் பாலத்தின் நீளம் புரியும். இந்த வழிகாட்டி அந்தக் கரைகளிலிருந்து தொடங்குகிறது. மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொண்டால் வசதி.

முதல் வேலை: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

ஒரே பெயரில் இரண்டு வேறு ஆல்பங்கள் புழங்குகின்றன. இதைக் கவனிக்காமல் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

ஒன்று, 1956-ல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட மோனோ (ஒற்றைத் தட ஒலி) எல்பி இசைத்தட்டு. எண் சிஎல் 934. முதல் பக்கத்தில் 'நியூபோர்ட் ஜாஸ் ஃபெஸ்டிவல் சூட்' (சூட் என்றால் பல பகுதிகள் சேர்ந்த ஒரே படைப்பு). இரண்டாம் பக்கத்தில் 'ஜீப்ஸ் ப்ளூஸ்', அதன் பிறகு 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ'. மேடையில் வரிசை இப்படி இல்லை. 'ஜீப்ஸ் ப்ளூஸ்' பின்னால்தான் வந்தது. இன்னொரு விஷயம், இந்த எல்பியில் இருப்பது எல்லாமே மேடையில் வாசித்ததும் அல்ல. சூட் புதிதாக எழுதப்பட்டது, ஒத்திகை போதவில்லை. அதனால் ஜூலை 9 திங்கட்கிழமை ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துப் பதிந்து, கைதட்டலையும் மேலே ஒட்டிச் சேர்த்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன்.

இரண்டு, 1999-ல் வந்த இரட்டை சிடி. அந்த இரவின் நிகழ்ச்சி முழுவதும் வாசித்த வரிசையிலேயே இதில் இருக்கிறது. ஸ்டுடியோவில் பதிந்தவை கடைசியில் தனியாக உள்ளன. உங்களுக்குத் தேவை இதுதான். அடையாளம் காண்பது சுலபம்: முதல் டிராக் அமெரிக்க தேசிய கீதமாக இருந்தால் 1999 பதிப்பு. ஐந்தாறு டிராக்குகளோடு முடிந்துவிட்டால் பழைய எல்பியின் வடிவம்.

தப்பான மைக்: இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்

மேடையில் கொலம்பியாவின் மைக்கும், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கும் தனித்தனியாக இருந்தன. கோன்சால்வெஸ் சோலோ வாசிக்க வந்து நின்றது வானொலிக்காரர்களின் மைக் முன். அதனால்தான் பழைய எல்பியில் சாக்ஸபோன் எங்கோ தள்ளி நின்று வாசிப்பதுபோலக் கேட்கும். சுற்றியிருப்பவர்களின் கூச்சல் பக்கத்திலேயே கேட்கும். நாற்பது ஆண்டுகள் உலகம் அந்தச் சோலோவை அப்படித்தான் கேட்டது.

1990-களில் வானொலியின் நாடா கிடைத்தது. 1999 பதிப்பைத் தயாரித்த ஃபில் ஷாப் அதையும் கொலம்பியாவின் நாடாவையும் சேர்த்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்து ஸ்டீரியோவாக்கினார். சொல்ல எளிது, செய்வது கடினம். இரண்டு நாடா இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஓடியவை. வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே போதும், 14 நிமிடம் ஓடுகிற ஒரு உருப்படி முடிவதற்குள் முக்கால் வினாடிக்கும் மேல் விலகிவிடும். அவ்வளவு விலகினால் ஒரு டிரம் அடி இரண்டாகக் கேட்கும். ஆகவே தொடர்ந்து சரிசெய்துகொண்டே போகவேண்டிய வேலை அது.

இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறைப் பாடம். ஒற்றை ஸ்பீக்கரில், போனின் சொந்த ஸ்பீக்கரில் இந்தப் பதிப்பைக் கேட்காதீர்கள். தள்ளித் தள்ளி இருந்த இரண்டு மைக்குகளின் ஒலி ஒரே ஸ்பீக்கரில் கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். சாதாரண ஒயர் ஹெட்போனே போதும். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஆறடி இடைவெளி விட்டு வைத்து, நடுவில் உட்காருங்கள்.

பாட்டுக் கேட்கும் செயலியில் மூன்று வசதிகளை அணைத்துவிடுங்கள்: ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததோடு கலப்பது), சத்தத்தைத் தானாகச் சமப்படுத்துவது. மூன்றாவது மிக முக்கியம். சத்தம் குறைவதும் ஏறுவதுமே கருப்பொருளாக எழுதிய இசையில் இயந்திரம் அதைச் சமப்படுத்தினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

யார் யார் எங்கே

டிரம்பெட் நான்கு: கேட் ஆண்டர்சன், வில்லி குக், ரே நான்ஸ், கிளார்க் டெர்ரி. டிராம்போன் மூன்று: குவென்டின் ஜாக்சன், பிரிட் உட்மன், ஜான் சாண்டர்ஸ். ஊதுகுழல் வரிசையில் ஐந்து பேர்: ஆல்டோ (உயர்ந்த குரல்) சாக்ஸபோனில் ஜானி ஹாட்ஜஸ், ரஸ்ஸல் ப்ரொகோப், டெனரில் (நடுக்குரல்) கோன்சால்வெஸ், கிளாரினெட்டும் டெனரும் ஜிம்மி ஹாமில்டன், பாரிட்டோனில் (தாழ்ந்த குரல்) ஹாரி கார்னி. தாளப் பிரிவில் டபுள் பேஸ் (தாழ்ந்த சுரங்களை மீட்டும் ஆளுயரக் கம்பிக் கருவி) ஜிம்மி உட், டிரம்ஸ் சாம் உட்யார்ட், பியானோ டியூக்.

எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்று குரல்களை மட்டும் முதலில் பழகிக்கொள்ளுங்கள். வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆல்டோ ஹாட்ஜஸ். நம் காதுக்கு அந்த வழுக்கல் கமகம்போலப் பழக்கமானதாகவே இருக்கும். குழுவின் அடித்தளமாகக் கனத்துக் கிடக்கும் பாரிட்டோன் கார்னி. 1927-லிருந்து டியூக்கோடு இருப்பவர். எல்லோருக்கும் மேலே, விசில்போன்ற உச்சியில் நிற்கும் டிரம்பெட் கேட் ஆண்டர்சன். இந்த மூவரையும் பிரித்தறிந்துவிட்டால் மற்றவர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். 1963-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் எலிங்டன் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது ஹாட்ஜஸும் கார்னியும் கோன்சால்வெஸும் உடன் வந்திருந்தார்கள்.

முதல் அமர்வு: தொடக்கத்திலிருந்து சூட் வரை

இரவின் ஆரம்பத்தில் குழு சிறிது நேரமே வாசித்தது. ஹாமில்டன், நான்ஸ், டெர்ரி, உட் ஆகிய நால்வரும் வந்து சேரவில்லை. பேஸுக்கு ஆல் லூகாஸ் என்பவர் மாற்றாக நின்றார். தேசிய கீதம், 'பிளாக் அண்ட் டேன் ஃபேண்டசி', 'டீ ஃபார் டூ' ஆகியவற்றோடு இறங்கிவிட்டார்கள். மற்ற குழுக்கள் வாசித்து முடிந்து, நள்ளிரவை நெருங்கும்போதுதான் மறுபடி மேடை கிடைத்தது.

'பிளாக் அண்ட் டேன் ஃபேண்டசி'யில் பித்தளைக் கருவிகள் உறுமுவதைக் கவனியுங்கள். வாஷ்பேசின் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் குழல் வாயில் வைத்து மூடித் திறப்பதால் வரும் 'வா-வா' அது. கூடவே தொண்டையிலிருந்து உறுமினால் மனிதக் குரலாகிவிடும். 1927-லிருந்து இந்தக் குழுவின் முத்திரை இது. கடைசியில் போலந்து இசையமைப்பாளர் ஷோபனின் சவ ஊர்வல இசை ஒரு கீற்று வந்து போகும்.

இரண்டாவது முறை மேடையேறியதும் எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்துவந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதிய 'டேக் தி ஏ டிரெயின்'. பிறகு மூன்று பகுதிகள் கொண்ட சூட்: 'ஃபெஸ்டிவல் ஜங்ஷன்', 'ப்ளூஸ் டு பி தேர்', 'நியூபோர்ட் அப்'. எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து இந்த விழாவுக்காகவே எழுதியது. ஹாமில்டனின் கிளாரினெட் தொடங்கிவைக்கும், ஒவ்வொருவராக எழுந்து சோலோ வாசிப்பார்கள். நல்ல இசைதான், ஆனால் வாசிப்பில் கொஞ்சம் தயக்கம் தெரியும். கூட்டத்தின் கைதட்டலும் மரியாதைக்குத் தட்டுவதாகவே கேட்கும். இந்த வெப்பநிலையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். முதல் அமர்வை இங்கே நிறுத்தலாம்.

இடைவேளையில் ஒரு வீட்டுப்பாடம்

இரண்டாம் அமர்வுக்கு முன் 1937-ல் பதிவான 'டிமினுவெண்டோ இன் ப்ளூ', 'கிரெசெண்டோ இன் ப்ளூ' இரண்டையும் தேடிக் கேளுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் அவ்வளவுதான் பிடிக்கும். முதல் பகுதி முழுக் குழுவின் இரைச்சலில் தொடங்கி, கருவிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தேய்ந்து அடங்கும். இரண்டாவது தாழ்ந்த குரலில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஆள் சேர்த்துக்கொண்டு உச்சிக்கு ஏறும்.

வீட்டில் கேட்டவர்கள் தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு வெற்றிடம். மேடையில் அந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்று டியூக் பல வருடங்கள் பலவிதமாக முயன்று பார்த்தார். 1951-ல் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பிலேயே கோன்சால்வெஸை அங்கே நீளமாக வாசிக்க விட்டிருக்கிறார். ஆகவே நியூபோர்ட்டில் நடந்ததை வெறும் தற்செயல் என்று சொல்வது சரியல்ல. எழுதியவர் கதவைத் திறந்துவைத்திருந்தார்.

இரண்டாம் அமர்வு: 14 நிமிடங்கள்

இந்த அமர்வுக்குத் தேவையானவை ஹெட்போன், ஒரு தட்டு, 27 புளியங்கொட்டை.

முதலில் ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களிடமிருந்து வந்த இசை வடிவம்) சுற்றை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 12 பார், அதாவது தாளக் கட்டம். ஒரு பாருக்கு நான்கு தட்டு. மொத்தம் 48 தட்டு. 12 பாரும் நான்கு நான்காக மூன்று வரிகளில் அமையும். இதற்கு நம் கைவிரல்களே போதும். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு. கட்டைவிரலால் மேல்வரிசைக் கணுக்களை ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை தொடுங்கள்: 1, 2, 3, 4. பிறகு நடுவரிசை: 5, 6, 7, 8. பிறகு அடிவரிசை: 9 முதல் 12. ஒவ்வொரு கணுவிலும் மனதுக்குள் நான்கு எண்ண வேண்டும். இங்கே வேகம் அதிகம். ஒரு கணுவில் ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதலாக இருப்பீர்கள், ஒரு சுற்று ஏறக்குறைய 14 வினாடி.

இந்த முறையின் அழகு என்னவென்றால் வரிசை மாறும் இடங்களில் இசையும் இடம் மாறுகிறது. மேல்வரிசை முழுக்க ஆதார ஷட்ஜத்தில் நிற்கும். நடுவரிசைக்கு இறங்கும் ஐந்தாவது பாரில் பேஸ் மத்யமத்துக்குப் போகும். ஏழில் திரும்ப ஷட்ஜம். அடிவரிசையின் முதல் கணுவான ஒன்பதில் பஞ்சமத்தின் பக்கம் சாயும். 11-ல் வீடு திரும்பும். கணக்கு தவறிவிட்டால் பதற வேண்டாம். சாக்ஸபோனை விட்டுவிட்டு பேஸை மட்டும் கேளுங்கள். அது மத்யமத்துக்கு ஏறும் கணத்தில் கட்டைவிரலை நடுவரிசையில் ஆள்காட்டி விரலில் வையுங்கள். மறுபடி பிடித்துவிட்டீர்கள்.

பொதுவாக நடக்கும் இன்னொரு பிழை, கைதட்டும் இடம். நாம் 1, 3-ல் தட்டிப் பழகியவர்கள். ஜாஸில் ஹை-ஹேட் (டிரம்ஸில் காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு) மூடும் ஓசை விழுவது 2, 4-ல். காலை 1-லும் கையை 2-லும் வைத்துப் பழகினால் உட்யார்டின் டிரம்ஸ் ஏன் முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது என்பது உடம்புக்கே தெரியும்.

இனி டிராக்கைப் போடுங்கள். டியூக்கின் பியானோவும் பேஸும் டிரம்ஸும் சில சுற்று வாசித்துத் தளம் போடும். அப்போது சத்தத்தை ஏற்றாதீர்கள். முழுக் குழுவும் நுழையும் கணத்தில் எவ்வளவு சத்தம் தாங்குமோ அந்த அளவில் வைத்துவிட்டு, கடைசிவரை அந்தக் குமிழைத் தொடாதீர்கள். இடையில் அடங்கும்போது கூட்டிவிட்டால் முடிவில் ஏறும்போது காது கிழியும்; உடனே குறைப்பீர்கள்; எலிங்டன் கட்டிய ஏற்றம் போய்விடும்.

'டிமினுவெண்டோ' பகுதியில் எண்ண வேண்டாம். இங்கே எல்லாச் சுற்றும் சரியாக 12 பார் அல்ல. சுருதியும் அடிக்கடி மாறும். சாக்ஸபோன்கள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட, டிரம்பெட்டும் டிராம்போனும் அதைப் பிடித்து முடிக்கும் வேகத்தைக் கேளுங்கள். மெல்லமெல்ல ஆட்கள் குறைந்து, கடைசியில் பியானோ மட்டும் மிஞ்சும்.

கோன்சால்வெஸ் நுழைந்ததும் கட்டைவிரல் முதல் கணுவுக்குப் போகட்டும். ஒரு சுற்று முடிந்தால் தட்டில் ஒரு கொட்டை. இப்போது சுருதி மாறாது, பார் கணக்கும் மாறாது. குழுவில் 11 பேர் சும்மா நிற்கிறார்கள். வாசிப்பது நால்வர்தான்: டெனர், பேஸ், டிரம்ஸ், பியானோ.

முதல் ஐந்தாறு சுற்றில் பெரிய வித்தை எதுவும் தேடாதீர்கள். அவர் நடு ஸ்தாயியை விட்டு அதிகம் நகர்வதில்லை. நீளமான வாக்கியங்களாகச் சொல்லிக்கொண்டே போகிறார். டியூக் பியானோவில் இரண்டு மூன்று கட்டைகளைக் குத்தி உசுப்புவார், பிறகு ஒதுங்கிவிடுவார். அந்த ஒதுங்கலைக் கவனியுங்கள். பியானோ இல்லாத இடத்தில் டிரம்ஸ் இன்னும் நெருங்கி வந்து நிற்கும். ஏழாவது சுற்றை ஒட்டிக் கூட்டத்தின் ஓசை மாறத் தொடங்கும். முன்வரிசைப் பெட்டி இருக்கையிலிருந்து கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்திருந்தார். மேடைக்கு அருகே டிரம்ஸ் மேதை ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அவை கேட்காது, ஆனால் அவற்றால் விளைந்தது கேட்கும். கைதட்டல் சிதறலாகத் தொடங்கி, பிறகு தாளத்தோடு சேர்ந்து, அதன்மேல் குழுவினரே கத்தி உற்சாகப்படுத்தும் குரல்கள் ஏறும்.

பதினைந்தாவது கொட்டைக்கு மேல் ஒரு விஷயத்தை உற்றுக் கேளுங்கள். அவர் சின்னச் சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், ஆனால் அவை விழும் இடம் பாருக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதைவிட நுணுக்கமான டெனர் சோலோக்கள் எத்தனையோ உண்டு. இதன் பெருமை சுரக் கற்பனையில் அதிகம் இல்லை. ஆறு நிமிடத்துக்கும் மேல் தாளத்தின் முறுக்கு ஒரு இழையும் தளராமல் காத்ததில் இருக்கிறது. கணக்கு வைத்துக் கேட்டவர்களுக்கே இந்த உறுதி முழுதாகப் புரியும்.

தட்டில் 27-வது கொட்டை விழும்போது பியானோ தனியாக வரும். உங்களிடம் ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் நடுவில் எங்கோ வரிசை தாண்டியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கூச்சல் உச்சத்துக்கு ஏறிய இடத்தில்தான் அது நடக்கும். இன்னொரு முறை போட்டால் சரியாகிவிடும்.

பிறகு 'கிரெசெண்டோ'. இப்போது 1937-ன் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே எழுத்துதான். ஆனால் அன்று வெறும் ஏற்றமாக இருந்தது இன்று பசித்திருந்த கூட்டத்துக்குப் படைத்த விருந்தாகிவிட்டது. கிளாரினெட், சாக்ஸ், டிராம்போன் என்று ஒவ்வொரு படியாகக் கூடி, கடைசிச் சுற்றில் எல்லோருக்கும் மேலே கேட் ஆண்டர்சனின் டிரம்பெட் கத்தும்.

மூன்றாம் அமர்வு: தணிப்பது

அடுத்து நடந்ததை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். கூட்டம் இருக்கையை விட்டு மேடைப் பக்கம் நெருக்கியது. கலவரமாகிவிடுமோ என்று விழா அமைப்பாளர் ஜார்ஜ் வெய்ன் நிகழ்ச்சியை முடிக்கச் சொன்னார். சட்டென்று நிறுத்தினால்தான் ஆபத்து என்பது டியூக்குக்குத் தெரியும். ஹாட்ஜஸை முன்னால் அழைத்து, மெதுவான 'ஐ காட் இட் பேட்' கொடுத்தார். ஆல்டோவின் முதல் நீண்ட சுரத்தில் கூட்டத்தின் இரைச்சல் எப்படி இறங்குகிறது என்று கேளுங்கள். அடுத்து 'ஜீப்ஸ் ப்ளூஸ்', சாவகாசமான நடை. அதன்பின் ரே நான்ஸ் பாடும் 'டியூலிப் ஆர் டர்னிப்', உட்யார்டின் நீண்ட டிரம்ஸ் சோலோ உள்ள 'ஸ்கின் டீப்', கடைசியாக 'மூட் இண்டிகோ'வின்மேல் டியூக் விடைபெறும் பேச்சு.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இதற்குப் பிறகு வருபவை ஸ்டுடியோப் பதிவுகள், ஒட்டிய கைதட்டலோடு. சூட்டையும் 'ஐ காட் இட் பேட்'டையும் மேடைப் பதிவோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். வாசிப்பு சுத்தமாக இருக்கும். சில இடங்களில் மேடையைவிட மேல். கைதட்டலை மட்டும் கவனியுங்கள். நிஜக் கூட்டம் வாக்கியம் முடியுமுன் கத்தும், தனிக் குரல் ஒன்று எங்கிருந்தோ எழும், அடங்கும்போதும் ஓரிருவர் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒட்டியது குழாயைத் திறந்து மூடுவதுபோல ஒரே அளவில் வந்து ஒரே அளவில் நிற்கும்.